பாஹ்னோவ் கோட்டையின் அகழி

பொஹீமிய நாட்டுக்கு இதயம் என்று ஒன்று உண்டானால் அது பாஹ்னோவில்தான் துடிக்கிறது. பேரரசர்கள் நின்று மூச்சு வாங்கிய மண் இது. இரண்டு கடல்களுக்கு நீரைப் பங்கிட்டு அனுப்பும் ஐரோப்பாவின் கூரை இது. ஒரு புதன்கிழமை மாலை, ஊர் ஒலிபெருக்கியில் பித்தளை வாத்திய போல்கா நடன இசை ஒன்று பாதி ஓடி அறுந்தபின், ஊராட்சித் தலைவர் லெயோபோல்ட் ஸெலிங்கா இப்படித்தான் அறிவித்தார். அறிவித்த கையோடு, முட்டையிடும் பருவத்துக் கோழிகளை ஏற்றிய லாரி நாளைக் காலை தீயணைப்புக் கொட்டகைக்கு முன்னால் வந்து நிற்கும், பழுப்பு நிறம் மட்டும்தான் இருக்கிறது, அட்டைப்பெட்டியை அவரவரே கொண்டுவர வேண்டும் என்றார்.

ஊரில் பெரும்பாலானோர் காதில் கோழிதான் விழுந்தது. ஹெர்மீனா ப்லாஹோவா இரண்டையும் கேட்டாள். ஒலிபெருக்கிக் கம்பம் அவளுடைய பீர்க்கடையின் சமையலறை ஜன்னலுக்கு நேரே நின்றது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் மாவு உருண்டை. காதைப் பொத்திக்கொள்ள மிச்சக் கை இல்லை.

வரலாறு அவளுக்கு அன்று உறைக்கவில்லை. காலையில் மாவட்டச் சுகாதாரத் துறைப் பெண் ஆய்வாளர் ஒருவர் வந்து, கொல்லைப்புறத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று சொல்லிவிட்டுப் போன வார்த்தைதான் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

"இங்க பாரும்மா, இது கழிவுக்குழி இல்ல, கொலைக்குழி. மூடி மக்கிப் போச்சு. மழை பெஞ்சா ரோட்டுக்கு வருது. வாட்ஸ்லாவ் திருநாளுக்குள்ள புதுத் தொட்டி பதிக்கலேன்னா நானே வந்து கடைக்கு சீல் வெச்சுருவேன். தப்பா எடுத்துக்காத. உன் கூலாஷ் கறிக்குழம்பு மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல."

பனி அப்போதுதான் உருகிக்கொண்டிருந்தது. வாட்ஸ்லாவ் திருநாள் இலையுதிர் காலத்தில். நிறைய நாள் இருப்பதுபோலத்தான் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், குழி இருந்த இடம் ஊராட்சி நிலம். பீர்க்கடைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் நடுவே ஒரு முற்றம், அந்த முற்றத்தின் நடுவே குழி. எந்தக் காலத்திலோ யாரோ வட்டமாகத் தோண்டிக் கல் அடுக்கிவிட்டுப் போனது. அங்கே மண்வெட்டி வைக்க வேண்டுமென்றால் ஊராட்சி மன்றம் கூடித் தீர்மானம் போட வேண்டும்.

மன்றம் கூடுவதில் எந்தத் தடையும் இல்லை. அது ஹெர்மீனாவின் கடையிலேயேதான் கூடும். ஊராட்சி அலுவலகத்தில் ஒன்பது உறுப்பினர்கள் உட்கார இடமில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பீர்க்குழாய் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

பாஹ்னோவ் மன்றத்துக்கென்று ஒரு முறைமை உண்டு. ஒரு விஷயம் பிடித்திருந்தால் மன்றம் அதை "ஏற்கிறது". பிடிக்காவிட்டால் நிராகரிக்கும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். மன்றம் இதுவரை எதையும் நிராகரித்ததில்லை. பிடிக்காததை அது "கவனத்தில் எடுத்துக்கொள்கிறது". அப்படி எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயம் அதன் பிறகு வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. தெருவிளக்கு, பேருந்து நிறுத்தத்தின் கூரை, கீழத்தெரு வெள்ளம் எல்லாம் மன்றத்தின் கவனத்துக்குள்தான் எங்கேயோ கிடந்தன.

அந்த மாதக் கூட்டத்தில் ஹெர்மீனாவின் குழி "இதர விஷயங்கள்" என்ற கடைசித் தலைப்பில் வந்தது. அது வரும்போது உறுப்பினர்கள் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை.

"தலைவரே, என் குழி விஷயம்," என்றாள் ஹெர்மீனா, காலிக் கோப்பைகளை ஏந்தியபடி.

"மன்றம் கவனத்துல எடுத்துக்குது. யாரு ஆதரவு? எல்லாரும். யாரு எதிர்ப்பு? யாருமில்ல. ஹெர்மீனா, எனக்கு இன்னொண்ணு ஊத்து."

"கவனத்துல எடுத்துக்கிட்டா தொட்டி வந்துருமா?"

"ஏம்மா, மன்றத்தோட கவனம்னா சும்மாவா?" என்றார் ஸெலிங்கா, உண்மையாகவே மனம் நொந்து. எழுந்து, விவாதத்துக்குரிய குழியை நோக்கிச் செல்லும் கதவைத் திறந்துகொண்டு கழிப்பறைக்குப் போனார்.

ஹெர்மீனா மறுமாதமும் கேட்டாள். அதற்கடுத்த மாதம் கேட்க முடியவில்லை. அதற்குள் ஊருக்கு வேறொரு பேரிடர் வந்துவிட்டது. பக்கத்து ஊரான ஸ்மர்கோவுக்குக் கொடி கிடைத்துவிட்டது.

கொடி மட்டுமல்ல, கேடயச் சின்னமும். தலைநகர் பிராகாவில் இதற்கென்றே உள்ள குழு முறையாகப் பரிசீலித்து வழங்கியது. ஒரு ஊசியிலை மரம், அதன் கீழே கரடியின் பாதம். மே மாதத் தீயணைப்புப் போட்டியில் ஸ்மர்கோவ் படை கொடியோடு அணிவகுத்து வந்தது. பின்னால் வந்த பாஹ்னோவ் படைக்கு முன்னே அதன் தளபதி லுபோஷ் மாஹா மட்டும், பிடிக்க ஒன்றும் இல்லாததால் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தான். நீர் பாய்ச்சும் போட்டியில் பாஹ்னோவ் படைதான் ஜெயித்தது. அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

"கரடிப் பாதமாம்!" அன்று மாலை கடையில் லுபோஷ் மேசையில் குத்தினான். "ஸ்மர்கோவ்ல ஏதுய்யா கரடி? ஒரே ஒரு வாட்டி சர்க்கஸோட வந்துச்சு. அதுவும் வயிறு சரியில்லாம படுத்தே கெடந்துச்சு!"

"வந்துச்சா இல்லையா? வந்துச்சுல்ல? அதான் வரலாறு," என்றார் அர்னோஷ்ட் வாவ்ரா.

வாவ்ரா ஊர் வரலாற்று எழுத்தர். அப்படி ஒரு பதவி ஒவ்வொரு ஊராட்சியிலும் உண்டு. அவர் ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார் என்பதால் ஊரின் புவியியலையும் சேர்த்தே கவனித்துக்கொண்டார். பாஹ்னோவ் ஐரோப்பாவின் நீர்பிரி மேட்டில் இருக்கிறது என்று கண்டறிந்தவர் அவர்தான். ஹெர்மீனா கடைக் கூரையின் வடக்குச் சரிவில் விழும் மழை வடகடலுக்குப் போகிறது, தெற்குச் சரிவில் விழுவது கருங்கடலுக்குப் போகிறது என்று சுவரில் பலகையும் அடித்திருந்தார். ஊர் கிண்ணம்போன்ற ஒரு பள்ளத்தின் அடியில் இருந்ததால் இரண்டு சரிவின் தண்ணீரும் ஹெர்மீனாவின் பீர் பீப்பாய்க் கிடங்குக்குத்தான் போனது. அதை வாவ்ரா இடைக்கால நிலைமை என்பார்.

மன்றம் அவசரமாகக் கூடியது. ஒரே கூட்டத்தில் கொடியும் கேடயமும் ஏற்கப்பட்டன. என்ன கொடி, என்ன கேடயம் என்பது பிற்பாடு.

பிற்பாடு வந்தவர் கேடயச் சின்னம் வரையும் நிபுணர். கழுத்தில் பட்டுத்துணி கட்டிய, மெலிந்த, மென்மையான மனிதர். கடையின் நடுமேசையில் காகிதத்தை விரித்து, பென்சிலைக் கூர்சீவிக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்க. உங்க ஊருக்குன்னு தனியா என்ன இருக்கு?"

ஒன்பது பேரும் யோசித்தார்கள்.

"குளம்," என்றார் ஒருவர்.

"எல்லா ஊர்லயும் இருக்கு."

"மணி வெச்ச சின்னக் கோயில்."

"அதுவும் இருக்கு."

"தீயணைப்பு பம்ப்!" லுபோஷ் பாதி எழுந்தான். "சார், பழைய பம்ப், ஆனா நிமிஷத்துல குளத்தையே தூக்கிரும்!"

"இயந்திரம் எதையும் கேடயத்துல போடக் கூடாது. சரி, தொழில்? மக்கள் என்ன வேலை பாத்தாங்க இங்க?"

"ஸ்மர்கோவ் சர்க்கரை ஆலைக்குப் போனாங்க," என்றார் இன்னொருவர். சொன்னதும் தலைவர் முறைத்தார்.

"போர்? முற்றுகை?"

வாவ்ரா எழுந்து தொண்டையைச் செருமினார். "முப்பதாண்டுப் போர்ல ஸ்வீடன்காரன் இந்த வட்டாரத்தையே கொளுத்தினான். பாஹ்னோவ் தப்பிச்சுது."

"எப்படி? எதிர்த்து நின்னீங்களா?"

"மூடுபனி. அவன் கண்ணுல படல. அப்புறம் பிரஷ்யப் படை வந்துச்சு. வழி கேட்டாங்க. நம்மாளுங்க வழி சொன்னாங்க. சாயங்காலமே திரும்ப வந்து மறுபடியும் கேட்டாங்க. பேரரசரோட வண்டிகூட நம்ம ஊர் எல்லையில நின்னிருக்கு."

நிபுணரின் பென்சில் உயர்ந்தது. "பேரரசர் தங்கினாரா?"

"சேத்துல சக்கரம் மாட்டிக்கிச்சு. அவர் சொன்ன வார்த்தை ஒண்ணு வாய்வழியா வந்திருக்கு. கேடயத்துல போட முடியாது."

நிபுணர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு மருத்துவரின் பரிவு தெரிந்தது. "கோட்டை கீட்டை ஏதாவது?"

வாவ்ரா கண்ணை மூடி, திறந்து, அளந்து சொன்னார்: "கோட்டை ஒண்ணு இருந்திருக்கலாங்கறதை மறுக்கறதுக்கு இல்ல."

"சான்று?"

"மறுக்கறதுக்கும் சான்று இல்லையே."

நிபுணர் பெருமூச்சு விட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனார். போனவர் திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். கன்னம் சிவந்திருந்தது, பட்டுத்துணி நழுவியிருந்தது.

"ஜன்னல் வழியா பாத்தேன். பின்னாடி, முற்றத்துல... வட்டமா, கல் அடுக்கி, உள்ள தண்ணி நிக்குது. மேல பச்சைப் பாசி. ஒரு வாத்துகூட இருக்கு. என்ன அது?"

ஒன்பது பேரும் தலைவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஐயா, அது என்னோட..." என்று ஆரம்பித்தாள் ஹெர்மீனா.

"ஹெர்மீனா, கூலாஷ் அடிப்பிடிக்குது பாரு," என்றார் தலைவர்.

"அடுப்பே பத்த வைக்கலையே!"

"அப்பப் போய்ப் பத்த வை!"

அவள் சமையலறையில் நின்று, திறந்திருந்த பரிமாறும் துவாரம் வழியே தன் குழி வரலாற்றுக்குள் இறங்குவதைக் கேட்டாள். கோட்டை இருந்ததை மறுப்பதற்கில்லை. கோட்டை இருந்தால் அகழி இருந்திருக்கும். அகழி இருக்கிறது. ஆகவே கோட்டை இருந்தது. நிபுணரின் பென்சில் சரசரவென்று ஓடியது. சிவப்புப் பின்னணி, வெள்ளிக் கோபுரம், அதன் காலடியில் ஒரு நீல அலை.

"அதுல கொஞ்சம் மஞ்சள் கலந்தா நெஜமா இருக்கும்," என்று லுபோஷ் முணுமுணுத்தது மட்டும் கூட்டத்தின் பதிவில் ஏறவில்லை.

அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் ஒருமனதாக ஏற்கப்பட்டன. முற்றத்தில் உள்ள பள்ளம் பாஹ்னோவ் கோட்டையின் அகழி. அது ஊராட்சியின் பிரிக்க முடியாத சொத்து. அதைத் தோண்டவோ, மூடவோ, தூர்வாரவோ கூடாது.

ஹெர்மீனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அப்ப என் தொட்டி?"

"எந்தத் தொட்டி?"

"தலைவரே, நாலு மாசமா கவனத்துல வெச்சிருக்கீங்களே, அந்தத் தொட்டி. குழியத் தோண்டி எடுத்தாத்தான புதுசு பதிக்க முடியும்? திருநாளுக்குள்ள பதிக்கலேன்னா அந்த ஆய்வாளரம்மா கடையப் பூட்டிருவா."

ஸெலிங்கா எழுந்தார். மைக் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே பேசுவார்.

"ஹெர்மீனா, உன் கஷ்டம் மன்றத்துக்குப் புரியுது. ஆனா ஒரு ஊருக்கு எது முக்கியம்? சாக்கடையா? சாக்கடை எந்த ஊர்லதான் இல்ல! ஸ்மர்கோவ்ல இருக்கு, அதுக்கு மேல இருக்கற ஊர்ல இருக்கு, எல்லா எடத்துலயும் இருக்கு. நம்மகிட்ட மட்டும்தான் இல்ல. அதனாலதான் நாம தனி. இத்தனை வருஷத்துல இந்த மன்றம் சாக்கடைக்கு வாக்குறுதி குடுக்காத ஒரு தேர்தல் உண்டா? பாரம்பரியத்த நாங்க என்னைக்கும் விட்டதில்ல." உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "இன்னொண்ணு. கோட்டை அகழிக்குள்ள கழிப்பறைக் குழாய் விடறது தேசத்துக்கே அவமானம். யாரு விட்டது அது?"

"நீங்கதான் தெனம் விடறீங்க," என்றாள் ஹெர்மீனா.

அதை மன்றம் கவனத்தில் எடுத்துக்கொண்டது. நான்காவது தீர்மானமாக, பீர்க்கடையின் கழிப்பறைக் குழாயை அடைக்கத் தீயணைப்புப் படைக்கு உத்தரவிடப்பட்டது.

மறுநாள் லுபோஷ் ரப்பர் அடைப்பானும் சிமெண்டும் கொண்டுவந்தான். குழாய்க்கு முன்னால் மண்டியிட்டவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, எம்மேல கோவமில்லையே? தீர்மானம்க்கா. நானும்தான் கைய தூக்கினேன். எல்லாரும் தூக்குனாங்க, நான் மட்டும் எப்படிக் கீழ வெச்சுக்கறது?"

"தூக்குன கையோட நல்லா அடைச்சு விடு. இனிமே நீ எங்க போவ?"

லுபோஷ் அதை யோசித்திருக்கவில்லை. மன்றமும் யோசித்திருக்கவில்லை. அன்று மாலையிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு முற்றத்தைக் கடந்து ஊராட்சி அலுவலகக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டியதாயிற்று. சாவி தலைவரிடம். தலைவர் சீட்டாட்டத்தில் இருந்தால் சாவி கேட்பதே ஒரு மனு. வயதானவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஞாயிறு மதியம் வாத்து வறுவலுக்கு வரும் குடும்பங்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஓட வேண்டியிருக்கிறது என்று ஸ்மர்கோவுக்குப் போக ஆரம்பித்தன. அங்கே கழிப்பறையில் சோப்புகூட இருக்கிறதாம்.

ஹெர்மீனா ஈரத்துணியால் காலி மேசைகளைத் துடைத்தாள். அப்பா நடத்திய கடை, அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. பூட்டினால் மாவட்டத் தலைநகரில் எந்தப் பேரங்காடியிலாவது பெட்டி அடுக்கப் போக வேண்டும். இரவு படுத்தால் அந்தப் பெட்டிகள்தான் வந்தன.

கோடை கடுமையாகக் காய்ந்தது. அகழி இறங்கியது, நாற்றம் ஏறியது. ஆனால் முழுக்க வற்றவில்லை. கடையின் குழாய் அடைபட்டுக் கிடந்தது, மழையும் இல்லை, எங்கிருந்து வருகிறது தண்ணீர்?

"ஊற்று," என்றார் வாவ்ரா, கரையில் நின்று. "இரண்டு கடலுக்கும் நடுவுல இருக்கற எடம். பூமிக்கு அடியில அழுத்தம் அதிகம்."

ஹெர்மீனா பாத்திரம் கழுவும்போது அந்த ஊற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அலுவலகக் கழிப்பறையில் யாரோ தண்ணீர் விடச் சங்கிலி இழுக்கும் சத்தம் கேட்கும். சற்று நேரத்தில் அகழியின் அந்தப் பக்கக் கல் ஒன்றின் கீழே பாசி லேசாக ஆடும். வாத்து நகர்ந்து உட்காரும். மறுபடி சங்கிலி, மறுபடி பாசி. தலைவர் போய்வந்தால் சற்று அதிகமாகவே ஆடும்.

யாரிடமும் சொல்லவில்லை. அவள் அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டாள்.

பிராகாவில் நீல அலை சிக்கலாயிற்று. வரைபடத்தில் ஆறு இல்லாத ஊருக்கு அலை எங்கிருந்து வந்தது என்று குழு கேட்டது. பெண் உறுப்பினர் ஒருவரே நேரில் வந்து அகழியைப் பார்ப்பார் என்று செய்தி வந்தது. வாட்ஸ்லாவ் திருநாளன்று வருகிறேன் என்றார் அந்த அம்மையார். ஸெலிங்கா அதைத் திருவிழா ஆக்கினார். வெளியூர் போன பாஹ்னோவ்காரர்கள் அனைவருக்கும் அழைப்பு. பித்தளை வாத்தியம். கொடியை மந்திரிக்கப் பாதிரியார். கொடி இன்னும் கிடைக்கவில்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, தைத்தாகிவிட்டது, கிடைப்பதுதான் பாக்கி என்று பதில் வந்தது. வயிறெரிய வேண்டும் என்பதற்காக ஸ்மர்கோவ் தலைவருக்கும் முதல் வரிசையில் நாற்காலி.

"அகழி நெறைஞ்சு தளும்பணும்," என்று லுபோஷுக்கு உத்தரவு. "அலை தெரியணும் எனக்கு."

"தலைவரே, பம்பப் போட்டா தெரியும். அலையும் தெரியும், அடியும் தெரியும்."

திருநாள் காலை வெயில் பளிச்சென்று அடித்தது. ஹெர்மீனா விடியுமுன்பே எழுந்து கசகசா வைத்த கொலாச் இனிப்பு ரொட்டி சுட்டாள். கடையின் கடைசி நாள் என்றால் ஒழுங்காகவே இருக்கட்டும் என்று நினைத்தாள். பிறகு ஒரு அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி, கழிப்பறைக் கதவில் ஆணியடித்தாள்: "மன்றத் தீர்மானப்படி மூடப்பட்டது. அனைவரும் ஊராட்சி அலுவலகக் கழிப்பறைக்குச் செல்லவும்." மன்றத்தின் தீர்மானத்தை பாஹ்னோவில் ஒருவர் முழு மனதோடு நிறைவேற்றியது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

ஊர் திரும்பியவர்கள் தாகத்தோடு வந்திருந்தார்கள். பாதிரியார் வருவதற்குள் இரண்டு பீப்பாய் காலி. அலுவலக வாசலில் வரிசை நின்றது. உள்ளே சங்கிலி ஓயவில்லை. இந்தப் பக்கம் லுபோஷின் பம்ப் குளத்து நீரை அகழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. நீர் ஏறியது. கல்விளிம்பைத் தொட்டது. பாசி மிதந்து மினுமினுத்தது. ஒரு கணம், பச்சை அலையும் பித்தளை வாத்தியமுமாக, உண்மையிலேயே அங்கே ஒரு கோட்டை இருந்திருக்கலாம் என்று ஹெர்மீனாவுக்கே தோன்றிவிட்டது.

பிராகா அம்மையார் அகழியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நீண்ட பயணம். தலைவரின் காதில் மெதுவாக ஏதோ கேட்டார்.

"வழி விடுங்க! வழி விடுங்க!" ஸெலிங்கா வரிசையைப் பிளந்தார். "விருந்தாளிக்கு முதல்ல!"

அம்மையார் அலுவலகத்துக்குள் போனார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பான பாஹ்னோவ் மக்களே! நம்ம முன்னோர் எதிரிகளுக்குப் பயந்தா இந்த அகழிய வெட்டினாங்க? எதிரி வரவே இல்ல. வராத எதிரிக்கே அகழி வெட்டின பரம்பரை நாம! இன்னைக்கும் இந்த மன்றம் அப்படித்தான் நடக்குது. தேவை இருக்கான்னு நாங்க கேக்கறதில்ல. மேலிடத்துல கேக்கறதுக்குள்ள முடிச்சுடறோம். இந்த அகழி எத்தனை தலைமுறையா நமக்கு உழைச்சிருக்கு! ஊரோட உள்ளத்துல இருந்ததெல்லாம் இங்கதான் வந்து சேர்ந்திருக்கு. லுபோஷ், இன்னும் கொஞ்சம் ஏத்து!"

"தலைவரே, போதும்ங்கறேன்!"

"ஏத்துடா! அலை வரட்டும்!"

லுபோஷ் விசையைத் திருகினான். பம்ப் கத்தியது. ஆனால் நீர் அதற்கு மேல் ஏறவில்லை. ஊற்றிய அத்தனையும் எங்கோ போனது. வாத்து மட்டும் எழுந்து, கரையேறி, நடந்து போய்விட்டது.

அலுவலகத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு குடுகுடு சத்தம் வந்தது. அடுத்து ஒரு அலறல். கதவு திறந்தது. படிகளில் பழுப்பு நிறத்தில் ஒன்று நிதானமாக இறங்கி வந்தது. அதன்மேல் வாவ்ரா நடைகூடத்தில் சாய்த்து வைத்திருந்த "பாஹ்னோவ்: நேற்று, இன்று, நாளை" கண்காட்சி அட்டைகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. நேற்று முதலில் வந்தது. பின்னால் பிராகா அம்மையார், காலணிகளைக் கையில் பிடித்தபடி.

"தலைவரே," என்றார், ஒரு பயிற்சி பெற்ற அமைதியோடு. "உங்க அகழி உள்ள வந்துருச்சு."

பித்தளை வாத்தியம் எதற்கென்று தெரியாமல் தேசிய கீதத்தைத் தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். கால் நனைந்தவர்களும் நின்றார்கள். பாடல் முடியும்வரை யாரும் நகர முடியவில்லை. கொடியின் நுனி ஒரு பக்கம் நனைந்துகொண்டே இருந்தது.

முடிந்ததும் பின்வரிசையிலிருந்து கைக்குட்டையால் மூக்கை மூடிய ஒரு பெண் முன்னே வந்தாள். சொன்ன நாளில், சொன்னபடி, சுகாதார ஆய்வாளர்.

"இந்தக் குழி யாரோடது?" என்று கேட்டாள்.

ஹெர்மீனா ஒரு கையால் சமையல் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் கொலாச் தட்டு.

"குழியா?" ஸெலிங்கா மைக்கை விடவில்லை. பிராகா பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்மர்கோவ் தலைவர் முதல் வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார். "மேடம், வார்த்தைய அளந்து பேசுங்க. இது அகழி! பாஹ்னோவ் ஊராட்சியோட பிரிக்க முடியாத சொத்து! ஒருமனதா தீர்மானம் போட்டிருக்கோம்!"

"பீர்க்கடையோட குழி இல்லையா?"

"பீர்க்கடைக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல! அந்தக் குழாய நாங்களே அடைச்சோம்!"

"அப்ப உள்ள வர்றது எங்கருந்து?"

தலைவர் வாயைத் திறந்தார். அலுவலகத்தைப் பார்த்தார். மூடினார். அவர் மூச்சு விடும் சத்தம் ஒலிபெருக்கி வழியாக மேலத்தெருவரை கேட்டது.

"ஊற்று," என்றார் வாவ்ரா மெதுவாக.

"ஊற்றுல காகிதம் வருமா?" என்றாள் ஆய்வாளர். ஹெர்மீனா பக்கம் திரும்பினாள். "உன் கடைய மூட இப்ப எனக்குக் காரணம் இல்லம்மா. உன் குழாய் அடைச்சிருக்கு, குழி உன்னோடது இல்ல. உரிமையாளர் இவங்க. தொட்டி இவங்கதான் பதிக்கணும். பதிச்சு, உன் குழாயையும் அதுல சேர்த்துக் குடுக்கணும். பதிக்கற வரைக்கும் இந்த அலுவலகத்துக்குத்தான் நான் சீல் வெக்கப் போறேன்." பிறகு தட்டைப் பார்த்தாள். "இது கசகசாவா?"

"எடுத்துக்கோங்க மேடம்," என்றாள் ஹெர்மீனா. தட்டையே நீட்டினாள்.

"எங்க கரடிகூட இவ்வளவு வாசனை அடிக்கல," என்றார் ஸ்மர்கோவ் தலைவர், யாரையும் குறிப்பிடாமல்.

மன்றம் அந்த வாரமே கடையில் கூடியது. அலுவலகம் சீல் வைக்கப்பட்டிருந்ததால் இப்போது உண்மையாகவே வேறு இடமில்லை. புதுத் தொட்டிக்கான தீர்மானம் "கோட்டை அகழிப் பாதுகாப்பு, முதல் கட்டம்" என்ற பெயரில் முதல் தலைப்பாக வந்தது. யாருக்கும் இன்னும் முதல் கோப்பைகூட வந்திருக்கவில்லை. ஸெலிங்கா, இந்தத் தொட்டி தம் நெடுநாள் கனவு என்றார்.

"இத மன்றம் கவனத்துல எடுத்துக்குதா, இல்ல ஏத்துக்குதா?" என்று கேட்டாள் ஹெர்மீனா, ஒன்பது கோப்பைகளையும் தன் பக்கமே வைத்துக்கொண்டு.

"ஏத்துக்குது, ஏத்துக்குது! அதக் கீழ வை!"

பிராகாவிலிருந்து நல்ல பதிலே வந்தது. அகழி இருப்பதைத் தாம் நேரடியாக அனுபவித்ததாக அம்மையார் குழுவிடம் சொல்லியிருந்தார். நீல அலைக்கு ஒப்புதல் கிடைத்தது.

தொட்டி பதிப்பதற்கு முன் லாரி வந்து அகழியை உறிஞ்சியது. தொல்பொருள் ஏதும் தவறிவிடக் கூடாதென்று வாவ்ரா முழங்கால்வரை ரப்பர் காலணியும் கையில் சல்லடையுமாக அடிமண்ணை அலசினார். மன்றம் முழுவதும் கரையில் நின்று பார்த்தது. நெடுநேரம் அலசிய பின் கோட்டைக் காலத்துப் பொருள் எதுவும் இல்லை என்று தெரிந்தது. கிடைத்தது மேல்வரிசைப் பொய்ப்பல் ஒன்றுதான். அது போன குளிர்காலத் தீயணைப்புப் படை நடன விருந்தின்போது தலைவர் தொலைத்தது. அவர் அதை வாங்கி, ஹெர்மீனாவின் பாத்திரம் கழுவும் தொட்டியில் அலசிப் போட்டுக்கொண்டார்.